ஒன்பது மாத வீடு

தென்காசி,
மார்ச் 9.

அன்புத் தங்கச்சி ஜெயபிரியாவுக்கு அக்கா முருகம்மாள் எழுதிக்கொள்வது. இங்கே எல்லாரும் நன்றாக இருக்கிறோம். உன் அத்தானுக்கு மட்டும் முழங்கால் வலி. அது இந்த வீட்டில் ஒரு ஆள் மாதிரி ஆகிவிட்டது, அதற்காகக் கவலைப்படாதே. நீயும் வேளைக்குச் சாப்பிட்டு உடம்பைப் பார்த்துக்கொள்வாய் என்று நம்புகிறேன்.

போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று கேட்பாய். போனில் பேசினால் நீ அழ ஆரம்பிப்பாய், நான் கத்த ஆரம்பிப்பேன், கடைக்கு வந்தவர்கள் துண்டு வாங்காமல் என்னை வேடிக்கை பார்ப்பார்கள். எழுதினால் நீ குறுக்கே பேச முடியாது. பெங்களூர் பஸ்ஸில் போடுகிற பார்சலுக்குள் இதை வைத்திருக்கிறேன். கூடவே முந்திரிக்கொத்தும் இருக்கிறது. முதலில் அதைத் தின்றுவிட்டு அப்புறம் மேலே படி.

போன வாரம் நீ கேட்டதை நானே திரும்ப எழுதுகிறேன், சரிதானா என்று பார். உன் கம்பெனி ஆபீசை ஹைதராபாத்துக்கு மாற்றுகிறது. உனக்குப் பெரிய பதவி தந்து வரச் சொல்லுகிறது. ஜூன் முடிவதற்குள் பதில் சொல்ல வேண்டும். சரி என்றால் உன் புருஷன் சந்தோஷ் தம்பியும் மகள் நிவேதாவும் குற்றாலத்து வீட்டைக் காலி பண்ணிவிட்டு உன்னோடு வந்துவிட வேண்டும். இல்லை என்றால் நீ வேலையை விட்டுவிட்டு இங்கே வர வேண்டும். நீ ஒரு ஊர், அவர்கள் ஒரு ஊர் என்று இன்னொரு வருஷம் உன்னால் முடியாது. “அங்க வந்தா பொழைக்க முடியுமாக்கா? அவர் எப்பக் கேட்டாலும் எல்லாம் நல்லா இருக்குன்னுதான் சொல்லுதார். நீ நிஜத்தைச் சொல்லு” என்றாய். சொல்லுகிறேன். பிடிக்காவிட்டால் என் மேல் கோபப்படு, அவர் மேல் கோபப்படாதே.

முதலில் நல்ல செய்தி. உன் மகள் இந்த ஊர்க்காரி ஆகிவிட்டாள். வந்த புதிதில் பள்ளிக்கூடத்தில் அவளைப் ‘பெங்களூரு, பெங்களூரு’ என்று கேலி செய்தார்களாம். இப்போது அவளும் சஃப்ரின் என்கிற பிள்ளையும் கூட்டு சேர்ந்து வகுப்பையே மிரட்டுகிறார்கள். ஞாயிற்றுக்கிழமை கடைக்கு வந்தவள் அவள் அப்பாவைப் பார்த்து, “எப்பா, அங்கன வெயிலு, இங்கன வந்து நில்லுங்க” என்கிறாள். தர்மபுரிக்கார மனுஷன் திருதிருவென்று முழிக்கிறார்.

இனி மற்றது. அவருக்கு வேலை இல்லை. வந்ததிலிருந்தே இல்லை. சும்மா இருக்கிறார் என்று நான் சொல்லவில்லை. விடுதிகளில் போய்க் கணக்கு வேலை கேட்டார். அவருடைய பெங்களூர் அனுபவத்தைப் பார்த்துப் பயந்துபோய், “உங்களுக்குத் தர்ற அளவுக்கு நாங்க பெரிய இடம் இல்லை சார்” என்று டீ கொடுத்து அனுப்பிவிட்டார்கள். புளியங்குடிச் சந்தையில் எலுமிச்சம்பழம் வாங்கி, பெங்களூரில் பழைய அப்பார்ட்மெண்ட் ஆட்களுக்கு அனுப்பினார். முதல் தடவை எல்லாரும் பாராட்டினார்கள். அடுத்த தடவை மழையில் நனைந்த பழத்தை வாங்கி அப்படியே சாக்கில் கட்டிப் பஸ்ஸில் ஏற்றினார். போய் இறங்கும்போது ஊறுகாய்க்குக்கூட ஆகவில்லை. ஈரப் பழத்தை விரித்து ஆறவிட்டுத்தான் கட்ட வேண்டும் என்று யாரும் சொல்லவில்லையாம். யார் சொல்வார்கள்? அந்தச் சந்தையில் எல்லாருக்கும் தெரிந்த விஷயம் அது. எல்லாருக்கும் தெரிந்ததை எவனும் வாய்விட்டுச் சொல்ல மாட்டான்.

சரி, சும்மா இருக்க வேண்டாம் என்று என் கடையில் உட்கார வைத்தேன். உனக்கே தெரியும், ஊர் உலகமெல்லாம் குற்றாலத்துக்குக் குளிக்க வருகிறது, வரும்போது துண்டை மறந்துவிட்டு வருகிறது. அந்த மறதியில்தான் நான் கடை வைத்தேன், வீடு கட்டினேன். ஐந்தருவிப் பக்கத்துக் கடைக்காரர் ஒருவர் மொத்தமாக எடுக்க வந்தார். இந்தச் சிவப்புத் துண்டு சாயம் போகுமா என்று கேட்டார். உன் வீட்டுக்காரர், “முதல் ரெண்டு தடவை நல்லாப் போகும் சார், அதுக்கு அப்புறம் போகாது” என்றார். உண்மைதான். ஆனால் மொத்த வியாபாரிக்கு எதிரே சொல்லுகிற உண்மையா அது? அவர் சிவப்பைக் கீழே வைத்துவிட்டு வெள்ளையை எடுத்தார். அன்றைக்கே சந்தோஷ் தம்பியிடம், “நீங்க வீட்டுக்குப் போய்ப் பிள்ளைக்குப் பாடம் சொல்லிக் குடுங்க, எனக்குப் புண்ணியமாப் போகும்” என்று சொல்லிவிட்டேன்.

பெங்களூரில் பார்த்த அதே வேலையை இங்கே பார்க்கலாமே என்று கேட்டேன். மோட்டார், தண்ணீர்த் தொட்டி, கழிவுக் குழாய் எல்லாம் தெரிந்தவர். அங்கே அப்பார்ட்மெண்டில் அத்தனை வீட்டுக்கும் மெயின்டெனன்ஸ் மேனேஜராக இருந்தவர். “அதை விடத்தான் அக்கா இங்க வந்தேன். எவன் வீட்டுக் குழாய் அடைச்சாலும் என்னைத்தான் திட்டுவாங்க” என்கிறார். மரம் வளர்க்க வேண்டும், மண்ணில் கை வைக்க வேண்டும் என்கிறார். மண் யார் பேரில் இருக்கிறது என்று கேட்டால் சிரிக்கிறார்.

உன் மேலும் தப்பு இருக்கிறது. போன ஆடியில் ரெண்டு பேரும் சாரலில் நனைந்துகொண்டே, இனிமேல் இங்கேதான் என்று முடிவு பண்ணினீர்கள். இப்போது வந்து பார். பேரருவியில் பாறைதான் இருக்கிறது. சுவரில் ஈரம் கசிகிற மாதிரி ஒரு ஓரத்தில் தண்ணீர் வடிகிறது. அங்கே நின்று போட்டோ எடுப்பது குரங்குகளைத்தான். இந்த மாதத்தில் வந்து பார்த்துவிட்டு முடிவு பண்ணியிருந்தால் நான் ஒன்றும் சொல்ல மாட்டேன்.

முக்கியமானது இனிமேல்தான். முந்தாநாள் குற்றாலத்து வீட்டுக்குப் போயிருந்தேன். பேச்சு வாக்கில், “சீசனுக்கு எங்க போகப் போறிய?” என்று கேட்டேன். அவர், “எங்கேயும் போகலைக்கா, சீசனைப் பாக்கத்தானே இங்க வீடு எடுத்தோம்” என்று சிரித்தார். எனக்குச் சுருக்கென்றது. ஏட்டி ஜெயா, குற்றாலத்தில் அருவிப் பக்கத்து வீட்டை வருஷத்துக்கு விடமாட்டார்கள். வைகாசி பாதியில் குடியிருக்கிறவர் மூட்டை கட்டிவிட வேண்டும். மூன்று மாதம் வெளியூர்க்காரனுக்கு நாள் வாடகை. ஆவணி கழிந்ததும் திரும்ப வரலாம். அதனால்தான் வாடகை அவ்வளவு குறைவு. வீட்டுச் சொந்தக்காரர் தாணுமாலயன் நாகர்கோவிலில் இருக்கிறார். அவர் மறைத்தார் என்று சொல்ல முடியாது. இவருக்குத் தெரிந்திருக்கும் என்று நினைத்திருப்பார். நானும் அப்படித்தான் நினைத்தேன். முன்பணம் கொடுத்த பிறகுதானே நீங்கள் எனக்கே சொன்னீர்கள். கேட்டால் அக்கா தடுப்பாள் என்று பயம்.

விஷயத்தைச் சொன்னதும் சந்தோஷ் தம்பி முகம் விழுந்துவிட்டது. “ஜெயாகிட்ட இப்போ சொல்லாதீங்கக்கா, நான் வேற வீடு பாத்துட்டுச் சொல்றேன்” என்றார். சரி என்று தலையாட்டிவிட்டு வந்து உனக்கு எழுதுகிறேன். நஷ்டத்தை மறைக்கிற கூட்டு எனக்கு ஒத்துவராது.

இன்றைக்கு நீ கேட்டால் ஹைதராபாத்துக்குச் சரி சொல் என்றுதான் சொல்வேன். ஆனால் ஜூன் வரை நேரம் இருக்கிறது. இருக்கிற அவகாசத்தை முன்கூட்டியே விட்டுக்கொடுப்பது நல்ல வியாபாரம் இல்லை. அதுவரை வாயை மூடிக்கொண்டு இரு.

பார்சலில் நாலைந்து துண்டும் வைத்திருக்கிறேன், முதலில் உப்புத் தண்ணீரில் அலசு. சிவப்பு ஒன்று இருக்கிறது.

உன் நன்மையை மட்டும் நினைக்கிற,
அக்கா முருகம்மாள்.


தென்காசி,
மே 19.

அன்புள்ள ஜெயபிரியாவுக்கு, அக்கா எழுதுவது. உன் கோபமான மெசேஜ் எல்லாம் வந்தது. அவரிடம் கோபப்படாதே என்று எழுதியிருந்தேன், நீ இரண்டு பேரிடமும் பட்டுவிட்டாய். போகட்டும். நிவேதா பரீட்சை நன்றாக எழுதியிருக்கிறாள். லீவுக்கு என் வீட்டில்தான் கிடக்கிறாள். உன் அத்தானைச் சீட்டு விளையாட்டில் ஏமாற்றுகிறாள். எங்கே கற்றாள் என்று தெரியவில்லை, என்னிடம் இல்லை.

போன வாரம் வீட்டுக்காரர் தாணுமாலயன் வந்து இறங்கினார். கூடவே பெயின்டர், ஒரு வண்டி நிறையக் கட்டில், மெத்தை. உன் வீட்டுக்காரர் எனக்கு போன் பண்ணினார். நான் கடையை அத்தானிடம் விட்டுவிட்டு ஓடினேன்.

பேசி ஒரு ரூமாவது வாங்கிவிடலாம் என்று கணக்குப் போட்டுத்தான் போனேன். எவ்வளவோ பேரிடம் பேசி விலை குறைத்திருக்கிறேன். அந்த மனுஷனிடம் என் பேச்சு எடுபடவில்லை. “இந்தாருங்கம்மா, எனக்கு வீடுன்னா அந்த மூணு மாசம்தான். மிச்ச ஒம்பது மாசம் வீட்டுக்குக் காவலுக்கு ஆள் வெச்சிருக்கேன், அவ்வளவுதான். வாடகையும் தந்து காவலும் பாக்கிற ஆளு, நான் குடுத்து வெச்சவன்” என்று உன் புருஷனைக் காட்டிச் சிரிக்கிறார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. “காவல்காரனுக்குச் சம்பளம் பாக்கி இருக்குல்லா, அதை எடுத்து வைங்க” என்றேன். அவர், “உங்க ஊர்ல துண்டு வாங்கினா நாக்கையும் சேத்துக் குடுப்பாங்களோ” என்றார். பெயின்டர் வேலையை நிறுத்திவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தான்.

சண்டை நடுவில் தாணுமாலயன் குளியலறைப் பக்கம் போனார். போனவர் வரவில்லை. பின்னால் தோட்டத்துப் பக்கம் அவர் குரல் கேட்டது. போய்ப் பார்த்தால் குனிந்து நின்று தரையில் ஒரு மூடியைத் தூக்கிப் பார்த்துக்கொண்டிருக்கிறார். “இதை யாரு கட்டினா?” என்று கேட்டார். உன் வீட்டுக்காரர் ஏதோ குற்றம் செய்தவர் மாதிரி, “நான்தான் சார். தண்ணி தேங்கி நின்னுச்சு. கேட்காம செஞ்சுட்டேன்” என்றார்.

என்ன என்றால், சீசனில் குளிக்க வருகிறவன் தலை நிறைய எண்ணெய், கால் நிறைய மண், கை நிறைய ஷாம்பு பாக்கெட்டோடு வீட்டுக்கு வந்து இன்னொரு தடவை குளிப்பான். அவ்வளவும் சேர்ந்து குழாயை அடைக்கும். ஆடி மாதம் ஞாயிற்றுக்கிழமை ஆனால் அந்தத் தெருவில் எந்த வீட்டிலாவது தண்ணீர் திரும்பிக்கொண்டு வரும். வந்தவன் பாதி வாடகையை மட்டும் கொடுத்துவிட்டுக் கிளம்புவான். வீட்டுக்காரர் நாகர்கோவிலிலிருந்து ஓடி வர வேண்டும். உன் புருஷன் பொழுது போகாமல் குழாய்க்கும் சாக்கடைக்கும் நடுவில் சின்னத் தொட்டி கட்டி, எண்ணெயும் மண்ணும் பாக்கெட்டும் அங்கேயே தங்குகிற மாதிரி வலை வைத்திருக்கிறார். மூடியைத் திறந்து அள்ளிப் போட்டால் முடிந்தது. மேலே தொட்டி ஒழுகலையும் நிறுத்தியிருக்கிறார். மரம் வளர்க்கப் போகிறேன் என்று சொன்ன ஆள் இத்தனை நாள் செய்திருப்பது இதை!

அங்கேதான் என் வியாபார மூளை முழித்தது. ரூம் பேச்சை விட்டுவிட்டேன். “அண்ணாச்சி, சீசன்ல சாவி யார்கிட்ட இருக்கும்?” என்று மெதுவாகக் கேட்டேன். வாட்ச்மேனிடமாம். அவன் தண்ணியடித்துவிட்டுத் தூங்கிவிடுவானாம். தாணுமாலயன் வாரத்துக்கு ஒரு தடவை பஸ் ஏறி வந்து இடுப்பு போய்விட்டதாம். நான் அப்போதே சொல்லிவிட்டேன். சாவி இவர்கிட்ட இருக்கட்டும், சீசன் முழுக்க வீட்டை இவர் பார்த்துக்கொள்ளட்டும், பின்னால் இருக்கிற ரூமில் குடும்பம் இருக்கட்டும் என்று. தாணுமாலயன் தாடையைத் தடவினார். பழம் கனிந்துவிட்டது என்று நினைத்தேன்.

உன் வீட்டுக்காரர், “வேண்டாம்க்கா” என்றார். எல்லார் முன்னாலும். “இதை விட்டுட்டுத்தான் வந்தேன். திரும்ப அதுக்குள்ள போக மாட்டேன். என் பொண்ணு பின்ரூம்ல இருக்க, முன்னாடி எவனோ குடிச்சுட்டுச் சத்தம் போடுறதும் வேண்டாம்.” எனக்கு எப்படி இருந்திருக்கும்? நான் வாயால் கட்டிக்கொடுத்ததை ஒரு வார்த்தையில் அவிழ்த்துவிட்டார். ஆட்டோ ஏறி வந்துவிட்டேன். “அந்த ஆளை ஹைதராபாத்துக்கு இல்லை, டெல்லிக்கே அனுப்பிரலாம்” என்று உன் அத்தானிடம் கத்தினேன். அத்தான், “அவரு சொன்னதுல பொம்பளப் பிள்ளை விஷயம் சரிதானே” என்றார். அவருக்கும் ஏச்சு விழுந்தது.

நாலைந்து நாள் உன் வீட்டுக்காரர் தலை காட்டவில்லை. நேற்று கடைக்கு வந்தார். உட்காரச் சொல்லவில்லை. அவரே ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். “அக்கா, ஒரு வீட்டுக்குன்னா அது வேலைக்காரன் வேலை. அந்தத் தெருவுல அஞ்சு வீடு வெளியூர்க்காரங்களோடது. அஞ்சையும் வருஷம் முழுக்க நான் பாத்துக்கிறேன். சீசன்ல வர்றவங்களையும், மத்த மாசம் குடியிருக்கிறவங்களையும். யாருக்குத் தரணும், யாருக்குத் தரக்கூடாதுன்னு நான்தான் முடிவு பண்ணுவேன். பெங்களூர்ல அந்த உரிமை எனக்கு இல்லை, அதனாலதான் அந்த வேலை பிடிக்கலை. நாங்க அங்க குடியிருக்க மாட்டோம். இலஞ்சில வயக்காட்டுப் பக்கம் ஒரு வீடு பாத்திருக்கேன். வருஷத்துக்குத்தான். சீசனுக்குக் காலி பண்ணணுமான்னு மூணு தடவை கேட்டுட்டேன், வீட்டுக்காரம்மா என்னைப் பைத்தியம்னு நினைச்சிருப்பாங்க” என்றார்.

அவருக்கு டீ வாங்கிவரச் சொன்னேன். இதுவரை அவரை என் தங்கச்சி புருஷனாகத்தான் பார்த்தேன். நேற்றுதான் எதிரே உட்கார்ந்து பேசத் தகுந்த ஆளாகத் தெரிந்தார். பேரம் பேசுகிற பழக்கத்தில், அவர் சொன்னதில் ஒன்றைக் குறைக்கச் சொல்லிப் பார்த்தேன், அசையவில்லை.

சாயங்காலம் நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து ஒவ்வொரு வீட்டுக்காரருக்கும் போன் போட்டோம். அவர் குழாயைப் பற்றிப் பேசினார், நான் ரேட்டைப் பற்றிப் பேசினேன். தாணுமாலயன் முதலில் சரி சொன்னார். கோவில்பட்டிக்காரர் ஒருவர் யோசித்துச் சொல்கிறேன் என்றார். மற்றவர்கள் இந்த சீசன் மட்டும் பார்க்கலாம் என்றார்கள். பார்க்கலாம் என்றால் பார்க்கலாம்தான், பிடித்துவிட்டது என்று அர்த்தம் இல்லை. மேகம் மலையில் ஏற வேண்டும், சாரல் விழ வேண்டும், கூட்டம் வர வேண்டும். இதில் எதுவும் உன் புருஷன் கையிலும் இல்லை, என் கையிலும் இல்லை.

அதனால் ஹைதராபாத்துக்கு இன்னும் சரி என்று சொல்லாதே. மாட்டேன் என்றும் சொல்லாதே. உன் மேனேஜர் கேட்டால், அக்காவுக்கு உடம்பு சரியில்லை, யோசிக்க முடியவில்லை என்று சொல். எனக்குச் சளி பிடித்திருக்கிறது, பொய் ஆகாது.

அன்புடன்,
முருகம்மாள்.


தென்காசி,
ஜூன் 22.

என் தங்கச்சிக்கு அக்காவின் அன்பு. இங்கே சாரல் விழுந்துகொண்டிருக்கிறது. கடைக்குள்ளேயே காற்றில் தூவானம் வந்து பில் புத்தகம் நனைகிறது. எனக்கு அதில் சந்தோஷம்தான். நனைகிறவன்தான் துண்டு வாங்குவான்.

ஆனால் லேசில் வரவில்லை இந்த சாரல். ஜூன் பிறந்தும் வெயில் மண்டையைப் பிளந்தது. சந்தோஷ் தம்பி காலையில் எழுந்ததும் மலையைப் பார்ப்பார். எனக்கு போன் போட்டு, “மேகம் இருக்குக்கா, ஆனா நிக்க மாட்டேங்குது” என்பார். அரைமனதோடு சாவி கொடுத்திருந்த கோவில்பட்டிக்காரர் பொறுமை இழந்து சாவியைத் திரும்ப வாங்கித் தன் மச்சினனிடம் கொடுத்துவிட்டார். மிச்சம் நாலு. நீ போனில் கேட்டபோது அவர் “கொஞ்சம் லேட், அவ்வளவுதான்” என்று சொல்லியிருப்பார். எனக்குத் தெரியும், அன்றைக்கு அவர் சாப்பிடவே இல்லை.

பிறகு ஒரே நாளில் கொட்டியது. மலையில் நல்ல மழை. அருவியில் தண்ணீர் செந்நிறமாக விழுந்தது, குளிக்க விடமாட்டோம் என்று போலீஸ் கயிறு கட்டிவிட்டது. நாலு வீட்டுக்கும் ஆள் வருகிற சனிக்கிழமை அது. வேறு எவனாக இருந்தாலும் வாயைத் திறக்க மாட்டான். வந்தவன் வந்து பார்த்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிடுவான். உன் வீட்டுக்காரர் காலையிலேயே எல்லாருக்கும் போன் போட்டு, “இன்னைக்கு அருவியில குளிக்க முடியாது. வந்தா வீட்ல உக்காந்து மழையைத்தான் பாக்கணும். யோசிச்சு வாங்க” என்று சொல்லிவிட்டார். ரெண்டு குடும்பம் வரவில்லை.

தாணுமாலயன் எனக்கு போன் போட்டுக் காது வலிக்கக் கத்தினார். “வீட்டுக்கு வந்த மகாலட்சுமியைத் தெருமுனையில நின்னு திருப்பி அனுப்புதாரு உங்க ஆளு! இவரு எனக்கு வேலை பாக்காரா, மழைக்கு வேலை பாக்காரா?” என்றார். நானும் உன் வீட்டுக்காரரைப் பிடித்தேன். “தம்பி, வாயை விக்கிற ஊர்ல நீங்க ஏன் உண்மையை இப்படி வாரி இறைக்கிய?” என்றேன். அவர், “வந்துட்டு ஏமாந்து போறவன் மறுபடி வர மாட்டான்க்கா. வராம போனவன் வருவான்” என்றார்.

அவர் சொன்னபடி அப்படியே நடந்துவிட்டது என்று எழுத ஆசைதான். பாதிதான் நடந்தது. வராத ரெண்டில் சிவகாசிக் குடும்பம் அடுத்த வாரம் இன்னொரு குடும்பத்தையும் கூட்டிக்கொண்டு வந்தது. இன்னொன்று என்ன ஆயிற்று என்றே தெரியவில்லை. ஆனால் அந்தச் சனிக்கிழமை தெரிந்தே வந்தவர்கள் ஒரு குறை சொல்லவில்லை. மொட்டை மாடியில் சாரலில் பிள்ளைகளை ஆடவிட்டு, கீழே கோழி சமைத்துத் தின்றுவிட்டுப் போனார்கள். வீடு முழுக்க ஆள், ஒரு இடத்தில்கூடத் தண்ணீர் தேங்கவில்லை. அன்றைக்கு எதிர்வரிசையில் ஒரு வீட்டில் குழாய் அடைத்துத் தெருவெல்லாம் நாறியது. அந்த வீட்டுக்காரர் மறுநாளே உன் புருஷனைத் தேடி வந்துவிட்டார். கோவில்பட்டிக்காரர் வீடு போன இடத்துக்கு அது வந்தது. ஆக, திரும்பவும் அஞ்சு.

போன ஞாயிற்றுக்கிழமை தாணுமாலயன் சொல்லாமல் கொள்ளாமல் வந்தார். வீடு முழுக்கச் சுற்றினார். வந்திருந்தவர்களிடம் ஏதோ கேட்டார். பின்னால் போய் அந்த மூடியைத் திறந்து பார்த்தார். பாராட்டி ஒரு வார்த்தை இல்லை. கிளம்பும்போது பையிலிருந்து மாற்றுச் சாவியையும் எடுத்து சந்தோஷ் தம்பி கையில் கொடுத்துவிட்டு பஸ் ஏறிவிட்டார். அந்த மனுஷன் அப்படிச் செய்தால் அதற்கு மேல் என்ன வேண்டும்?

இனி உன் கேள்விக்கு வருகிறேன். சுற்றி வளைக்காமல் எழுதுகிறேன். இங்கே பிழைக்கலாம். பணக்காரர் ஆக முடியாது. ஹைதராபாத்தில் உனக்குத் தருகிற சம்பளம் இந்தத் தெரு முழுவதையும் சேர்த்தாலும் வராது. ஆவணி கழிந்தால் கூட்டம் குறையும். கார்த்திகையில் ஐயப்ப சாமிமார் வரும்போது மறுபடி கொஞ்சம் கூடும். நடுவில் குடியிருப்பவர்களை வைத்துத்தான் ஓட்ட வேண்டும். பங்குனியில் பாறையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். அப்போது எனக்கு போன் போட்டு அழக் கூடாது, முன்னாலேயே சொல்லிவிட்டேன்.

உனக்கு இங்கே வேலை இல்லை. என் கடையில் உன்னை வைத்துக்கொள்ள மாட்டேன். ஒரே கல்லாவில் அக்காவும் தங்கச்சியும் உட்கார்ந்தால் முதல் வருஷம் வியாபாரம் கெடும், ரெண்டாம் வருஷம் உறவு கெடும். கடையநல்லூர் துல்கர்னைன் பாயைக் கேட்டேன். அவர் தறியில் நெய்கிற துண்டுதான் எனக்கு வருவது. கணக்கு, ஜிஎஸ்டி என்றால் தலையில் கை வைக்கிற மனுஷன். “வரட்டும்மா, பாக்கலாம்” என்றார். அதை வேலை என்று எண்ணிக்கொண்டு வராதே. அது வெறும் ‘பாக்கலாம்’தான்.

சரக்கைக் கண்ணால் பார்க்காமல் நான் இந்த வயது வரைக்கும் யாருக்கும் முன்பணம் கொடுத்ததில்லை. அப்படிப்பட்டவள், கையில் வேலை இல்லாமல் வா என்று உனக்கு எழுதுகிறேன். எந்தப் பக்கத்திலிருந்து கூட்டினாலும் ஹைதராபாத்துதான் லாபம் என்று வருகிறது. கூட்டிப் பார்த்துவிட்டுத்தான் எழுதுகிறேன்.

போன வாரம் இலஞ்சி வீட்டுக்குப் போயிருந்தேன். நல்ல வீடு. ஜன்னலைத் திறந்தால் வயலும் அதற்குப் பின்னால் மலையும். எல்லாச் சாமானையும் அடுக்கி வைத்திருக்கிறார்கள். உன் பீரோ மட்டும் கூடத்துக்கு நட்ட நடுவில் நிற்கிறது. குற்றாலத்திலிருந்து வண்டியில் வந்து இறங்கிய இடத்திலேயே நிற்கிறது. அப்பாவும் மகளும் அதைச் சுற்றித்தான் நடக்கிறார்கள். நிவேதா அதன் முதுகில் வாய்ப்பாடு ஒட்டியிருக்கிறாள். நான் தெரியாமல் இடித்து முழங்கை வீங்கிவிட்டது. “ஏன் தம்பி, ஒரு ஓரமாத் தள்ளினா என்ன?” என்று கேட்டேன். அவர் பீரோ கதவில் இருந்த தூசியைக் கையால் துடைத்தார். பிறகு, “எந்தச் சுவர்னு ஜெயா வந்து சொல்லட்டும்க்கா. நானா ஒரு இடத்துல வெச்சுட்டா, அவ இல்லாமலே வீடு முடிஞ்சு போன மாதிரி இருக்கும்” என்றார். நிவேதா சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தாள். நான் முழங்கையைத் தடவிக்கொண்டு வந்துவிட்டேன்.

நீ ஹைதராபாத்துக்குப் போனாலும் எனக்குத் தங்கச்சிதான். அங்கேயும் பார்சல் வரும். என்ன முடிவு எடுத்தாலும் இசக்கியம்மன் உன் கூடவே இருக்கட்டும், நீயும் உன் புருஷனும் பிள்ளையும் ஒரே கூரைக்குக் கீழே தூங்க வேண்டும். ஆனால் அந்தப் பீரோவை யாராவது வந்து ஒரு சுவர் ஓரமாக வைக்கச் சொல்ல வேண்டும். அவர் தள்ள மாட்டார். எனக்கு இடுப்பு பிடித்திருக்கிறது.

நீ வா, ஜெயா.

அக்கா,
முருகம்மாள்.